அதீ, விடு

தாராவி
22 செப்டம்பர் 2024

கோகிலவாணிக்கு,

கடிதத்தை 'அன்புள்ள' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று கலைச்செல்வி டீச்சர் நமக்குச் சொல்லித் தந்தார். எழுதிப் பார்த்தேன், பொறுக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன்.

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். திறக்கப் போவதில்லை. பேசினால் நான் கத்துவேன், நீ கட் செய்வாய். வாய்ஸ் நோட் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அது நைண்டி ஃபீட் ரோடு முழுக்கச் சுற்றி வந்துவிடும். அதனால்தான் காகிதம். உன் செம்பூர் ஹாஸ்டலில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே. இதைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனாலும் எவளுக்கும் புரியாது.

வியாழக்கிழமை காலேஜ் ஃபுட்பால் ஃபைனலில் என்ன நடந்தது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், பிறகு நீ மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. மழை விட்டு கிரவுண்டு முழுக்கச் சேறு. இரண்டு பக்கமும் கோல் இல்லை. உங்கள் ஆள் ஒருத்தி தூக்கி அடித்த பந்து எங்கள் ஸ்டாப்பரின் தலைக்கு மேலே வந்தது. அவள் வழுக்கி விழுந்தாள். நான் வெளியே வந்து குனிந்து கையை நீட்டினேன். பந்து என் க்ளவுஸுக்குள் வர வேண்டியதுதான் பாக்கி. அப்போது அதன் பின்னாலிருந்து ஒரு குரல், "அதீ, விடு."

கையை இழுத்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அந்தக் குரல் விடு என்றால் விட்டிருக்கிறேன். நான் கீப்பர், நீ எனக்கு முன்னால் நிற்கும் ஸ்டாப்பர். பந்து தானாக வெளியே போய்விடும் என்று நீ பார்த்தாலும், நீயே எட்டி அடித்துவிடுவாய் என்றாலும், 'விடு' என்பாய். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை கோலைத் தடுத்திருக்கிறோம். மற்ற டீம்களுக்கு நாம் பேசுவது புரியாது என்பதில் நமக்கு எவ்வளவு திமிர் இருந்தது.

இந்த முறை நீ வேறு சட்டையில் வந்தாய். நான் விட்டேன், நீ தட்டிவிட்டுப் போனாய்.

ரெஃப்ரியிடம் ஓடினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும்தான் கத்துகிறார்கள் என்று கையை விரித்தார். எதிராளியை இப்படி ஏமாற்றிக் கத்தினால் மஞ்சள் அட்டை, கோல் செல்லாது. அந்த ரூல் உனக்கும் தெரியும்.

இப்போது அந்த வீடியோவுக்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊரெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பந்துக்கு வழிவிடும் கீப்பர். மாட்டுங்கா ஸ்டேஷனில் ஒருவன் என்னைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டுக் காட்டினான். வாப்பா ஒர்க்‌ஷாப்பில் தோல் பை தைக்கிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

யூனிவர்சிட்டி டீம் கேம்புக்கு லிஸ்ட் வர இன்னும் நாள் இருக்கிறது. அந்த டீமில் ஆடாமல் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்காது. அதற்காகத்தான் இத்தனை வருஷம் விழுந்து எழுந்தேன். செலக்டர் மேடத்திடம் போய் நீ கத்தியதை நீயே சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அதீபா


செம்பூர்
28 செப்டம்பர் 2024

அதீபா,

காலி பீலி, காரணமே இல்லாமல் என்மேல் பழி போடாதே. நான் கத்தியது எங்கள் விங்கர் சாயலியைப் பார்த்து. அவளும் அந்தப் பந்துக்கு ஓடி வந்தாள், விடு என்றேன், விட்டாள். நீ உன் பாட்டுக்கு உனக்கென்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும். கோட்டை விட்டது நீ. அதை ஒத்துக்கொள்ள உனக்கு வாய் வரவில்லை.

வேறு எதுவும் கேட்கவில்லை என்கிறாயே, நான் கேட்கிறேன். ஆறாம் வகுப்பு ஆரம்பத்தில் நான் எங்கே ஆடினேன்? முன்னால். நம் ஸ்கூல் டீமில் அதிக கோல் அடித்தவள் நான்தான். உனக்கு முன்னால் நிற்க உயரமான ஆள் இல்லை என்று ஸாரிடம் அழுது என்னைப் பின்னால் இழுத்தவள் நீ. அதற்குப் பிறகு உனக்கு வர வேண்டிய அடியெல்லாம் நான் வாங்கினேன். என் முட்டியில் தையல், உன் கையில் புது க்ளவுஸ். பேப்பரில் வந்த உன் படம் உன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறதே, அதில் ஓரமாக ஒரு முதுகு தெரியும். அது நான். பேர் போடவில்லை, நம்பர் மட்டும் தெரியும்.

போன வருஷம் செம்பூர் காலேஜ் கோச் வந்து, நீ ஃபார்வர்ட், உன்னை எவன் பின்னால் நிறுத்தியது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் வாங்கினேன். ஹாஸ்டல் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். நீ என்ன செய்தாய்? குழாயடியில் அத்தனை பேருக்கு முன்னால், "முட்டைக்கும் வாழப்பழத்துக்கும் போறா பாரு" என்றாய். எங்க அம்மா வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குக் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தாள். அதற்கு நீ இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் யாரிடமும் போய் எதையும் சொல்ல மாட்டேன். சொல்ல ஒன்றுமில்லை. இனிமேல் எழுதாதே.

கோகிலா


தாராவி
6 அக்டோபர் 2024

கோகிலவாணி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

முட்டை, வாழைப்பழம் என்று நான் சொன்னது உண்மை. உன் அம்மா நின்றது தெரியாது, தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம். நீ போகிறாய் என்பதை உன் வாயால் எனக்குச் சொல்லவில்லை. ஜோயா ஸ்கூலிலிருந்து கேட்டு வந்து சொன்னாள். என் தங்கச்சிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் பொய்க்கு வருகிறேன். சாயலி டோம்பிவிலிக்காரி. அவளுக்கு மராத்தியும் ஹிந்தியும்தான் தெரியும். அவளிடம் நீ 'விடு' என்றால் அவள் உன்னைத் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்பாள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் கிரவுண்டின் மறு ஓரத்தில் முடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அது போகட்டும். சாயலியின் பேர் அதீயா? என்னை அதீ என்று கூப்பிடுகிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான். உம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

லிஸ்ட் வந்துவிட்டது, பார்த்திருப்பாய். உன் பேர் மூன்றாவதாக இருக்கிறது, ஃபைனலில் கோல் அடித்தவள் என்ற மரியாதையோடு. கீப்பருக்கு இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். நான் ஸ்டாண்ட்‌பை, அதாவது வீட்டில் இரு, தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம். வாப்பா திட்டவில்லை. திட்டினால் பரவாயில்லை என்றிருந்தது. "பந்தப் பாத்துக்கிட்டு நிக்கதுக்கா இத்தன வருசம் போன?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்டுவிட்டுத் தோலை வெட்டப் போய்விட்டார்.

வாப்பாவிடம் உன் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் உன் அப்பாவிடம் போய் நிற்பார், இரண்டு வீடும் பேச்சை நிறுத்தும். அந்த அளவுக்கு உன் பேரில் எனக்கு ஆர்வம் இல்லை.

அதீபா


செம்பூர்
13 அக்டோபர் 2024

அதீபா,

சரி, கத்தினேன். போதுமா?

சாயலி கதை நான் கட்டியது. நீ கண்டுபிடிப்பாய் என்று எழுதும்போதே தெரியும். உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் இவ்வளவு மட்டமாக வந்திருக்கிறது.

ஒன்றைக் கேட்டுக்கொள். அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பந்து உன் பக்கம் போகிறது, நான் துரத்துகிறேன், எதிரே நீ குனிகிறாய். இத்தனை வருஷத்தில் உன்னைப் பார்த்து நான் அப்படி ஓடிவந்த ஒவ்வொரு முறையும் என் வாயில் வந்தது அந்த வார்த்தைதான். அன்றைக்கும் வந்தது. எந்தச் சட்டை போட்டிருக்கிறேன் என்று வாய்க்குத் தெரியவில்லை.

ஆனால் காலுக்குத் தெரிந்தது. நீ கையை எடுத்ததைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, அடித்தேன். அடித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

செலக்டரிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் என் பேர் லிஸ்டிலிருந்து போய்விடும், உன் பேர் வருமென்று என்ன உறுதி? இரண்டு பேரும் தாராவியில் உட்கார்ந்திருப்போம். நீ என் இடத்தில் இருந்தால் சொல்வாயா? நெஞ்சைத் தொட்டு எழுது. அவ்வளவு நியாயம் வேண்டுமென்றால் நீயே போய்ச் சொல். தமிழிலேயே சொல்லு, நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

கோகிலா


தாராவி
20 அக்டோபர் 2024

கோகிலவாணி,

போய்ச் சொன்னேன். ஹிந்தியில்தான் சொன்னேன்.

செலக்டர் மேடம் நல்லவர், உட்காரச் சொன்னார். வீடியோவை வைத்துக் காட்டினேன். சத்தத்தைக் கூட்டினால் உன் குரல் நன்றாகவே கேட்கிறது. 'விடு' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார், சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. அதைப் படிக்க அங்கே ஆளும் இல்லை, உன் கையெழுத்தை வைத்து ஜெயிக்க எனக்கு மனமும் இல்லை.

அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். எதிர் டீம் பெண் சொன்னால் நீ ஏன் கேட்டாய்?

நீ சொன்னாய், அதனால் கேட்டேன். இதை மனசுக்குள் ஹிந்தியில் சொல்லிப் பார்த்தால் பைத்தியக்காரி சொல்வது மாதிரி இருந்தது. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

நான் உன் இடத்தில் இருந்தால் சொல்வேனா என்று கேட்டாய். உன் இடத்துக்கு நான் வந்திருக்கவே மாட்டேன். வேறு காலேஜ் கூப்பிட்டிருந்தாலும் உன்னை விட்டுப் போயிருக்க மாட்டேன். இதை எழுதும்போது உன்மேல் எவ்வளவு வெறுப்பு வருகிறது தெரியுமா?

அதீபா


செம்பூர்
1 டிசம்பர் 2024

அதீபா,

கீப்பர் ஒருத்திக்கு பிராக்டிஸில் விரல் முறிந்துவிட்டது. உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று இன்றைக்குச் சொன்னார்கள். சந்தோஷமா? நான் உனக்காக யாரிடமும் பேசவில்லை, அந்த நினைப்பு வேண்டாம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நீ சிரிப்பாய், சிரி. இந்த டீமில் ஃபார்வர்டுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. யூனிவர்சிட்டி கோச் என் உயரத்தைப் பார்த்தார், பழைய மேட்ச் வீடியோக்களைப் பார்த்தார், ஸ்டாப்பர் என்று எழுதிவிட்டார். உன்னோடு நான் ஆடிய மேட்ச்கள். மறுபடியும் பின்னால். மறுபடியும் உனக்கு முன்னால்.

டோர்னமென்டுக்கு உதய்ப்பூர் போகும் ரயிலில் என் பக்கத்தில் உட்காராதே. ரூமை மாற்றிக் கேட்டுக்கொள். உன் உம்மா ஏதாவது செய்து கொடுத்தால் எனக்கு நீட்டாதே. கிரவுண்டுக்குள் மட்டும் பேசுவோம், அதுவும் பந்தைப் பற்றி.

கோகிலா


தாராவி
5 டிசம்பர் 2024

சரி.

உம்மா உனக்கும் சேர்த்துத்தான் செய்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உன் பங்கை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அதீபா


தாராவி
12 ஜனவரி 2025

அதீபா,

உன் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளிப் படுத்துக்கொண்டு உனக்குத் தபாலில் எழுதுகிறேன். இங்கிருந்து கத்தினால் உனக்குக் கேட்கும். கத்திப் பார்த்தாகிவிட்டது, உதய்ப்பூரில்.

இடது தோள்பட்டை எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கை அசையக் கூடாது. இந்த சீசன் போயிற்று. ஆடாதவளுக்கு ஹாஸ்டலில் இடம் இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஏழு பேர் படுக்கும் அந்த அறையில் எனக்குச் சுவர் ஓரம் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கே நடந்ததை நான் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், நீயும் மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. சாயங்கால வெயில் நேராக உன் கண்ணில் அடித்தது. நீ கையால் மறைத்துக்கொண்டு நின்றாய், பந்து உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அது போஸ்டுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. எதிராளியை முதுகால் மறித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தேன். "அதீ, விடு" என்றேன். மூன்று தரம் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன்.

நீ விடவில்லை. முட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்து என்மேல் விழுந்தாய். நான் கீழே கிடந்து பார்க்கும்போது பந்து நான் சொன்ன வழியிலேயே வெளியே உருண்டு போய்க்கொண்டிருந்தது. யாருமே அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நீ மூன்று பந்தைப் பிடித்தாய், ஜெயித்துக் கொடுத்தாய், ரயில்வே டிரயலுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் தம்பி பைசான் நீ அவன் அக்கா என்பதை இப்போது மறைக்காமல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறான். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்தப் பிள்ள வேணும்னா வந்து விழுந்திருக்கும்?" என்று கேட்கிறாள். உன் பக்கம்தான் பேசுகிறாள், குடத்தை நிரப்பாமல் வந்தவள்.

நான் கேட்கிறேன். வேண்டுமென்றா விழுந்தாய்? பழி வாங்கினாயா? ஆமாம் என்றால் சொல்லிவிடு, கணக்குத் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். வெயிலில் காது கேட்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

கோகிலா


தாராவி
19 ஜனவரி 2025

கோகிலா,

காது கேட்டது. மூன்று தரமும் கேட்டது.

பழி வாங்கவில்லை. அப்படி ஒரு எண்ணம் அந்த நேரத்தில் வர எனக்கு அவகாசமே இல்லை. கண்ணில் வெயில், எதிரே ஒன்றும் தெரியவில்லை, காதில் உன் குரல் மட்டும். முதல் தரம் நீ சொன்னபோது என் கை தானாகப் பின்னால் போனது. செப்டம்பரில் போன மாதிரியே போனது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடியும் விடுகிறேன், மறுபடியும் உள்ளே போகப்போகிறது, மறுபடியும் எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள். நீ எங்கள் சட்டையில்தான் இருந்தாய், எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. நீ எத்தனை தரம் சொன்னாயோ அத்தனை தரமும் பொய் என்றே நினைத்துப் பாய்ந்தேன்.

விழுந்து எழுந்ததும் முதலில் பந்தைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. அது வெளியே கிடந்தது. நீ சொன்னது சரி என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பழைய மாதிரி நான் உன்னை நம்பியிருந்தால் உன் எலும்பு முழுசாக இருந்திருக்கும். அந்த நம்பிக்கையை முதலில் உடைத்தவள் நீ. உன் தோளுக்காக நான் வருத்தப்படுகிறேன், அழுதும் ஆகிவிட்டது, ஆனால் உன்னை மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் அம்மாவை நேற்றுக் குழாயடியில் பார்த்தேன். முட்டைப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அது அவளுக்கும் எனக்கும் உள்ளது, உன்னிடம் சொல்லி நல்ல பேர் வாங்க இல்லை.

டிரயல் முடிந்தது. ரிசல்ட் வரவில்லை. அங்கே எனக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பரை நிறுத்தினார்கள். நல்ல பெண், வேகமாக ஓடுகிறாள். ஆனால் பந்து எங்கே விழும் என்று அவளுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. உனக்குத் தெரியும். அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன், கேட்டுவிட்டுக் கோபப்படு. ஜூனில் புது சீசன். தோள் ஆறியதும் கோகிலவாணியை ஸ்டாப்பராகவே கேம்புக்குக் கூப்பிடுங்கள் என்று யூனிவர்சிட்டி கோச்சிடம் சொல்லிவிட்டேன். மறுபடியும் உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். உனக்குப் பிடிக்காவிட்டால் நீயே போய் ஃபார்வர்ட் என்று சண்டை போடு.

வருவதென்றால் ஒன்று. பழைய வார்த்தையை என்னிடம் சொல்லாதே. அதையே ஹிந்தியில் 'சோட்' என்று கத்து. எதிர் டீமுக்கும் புரியும், புரிந்துவிட்டுப் போகட்டும். அதீ என்றும் கூப்பிடாதே, மற்றவர்கள் மாதிரி கீப்பர் என்று சொல். தமிழில் நீ என்ன சொன்னாலும் என் கை முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. ஹிந்தியில் நீ என்னிடம் இதுவரை பொய் சொன்னதில்லை.

அதீபா